கூப்பர் க்ரீக்: ஒன்பது மணி நேரமும் ஒரு பிடி மாவும்

இன்னைக்கு நம்ம கதை நடக்கிறது ஆஸ்திரேலியாவுல, குயின்ஸ்லாந்தும் தெற்கு ஆஸ்திரேலியாவும் தொட்டுக்கிற வறண்ட எல்லைப் பகுதியில. அங்க ஓடுற ஆத்தோட பேரு கூப்பர் க்ரீக். க்ரீக்னா சின்ன ஓடைன்னு நினைச்சுடாதீங்க. தாம்சன், பார்கூன்னு ரெண்டு ஆறு சேர்ந்துதான் இந்த 'ஓடை' உருவாகுது! வெள்ளம் வந்தா கிலோமீட்டர் கணக்குல விரியும். வடிஞ்சா ஆழமான மடுக்கள்ல மட்டும் தண்ணி நிக்கும்.

நானும் மூணு ஃப்ரெண்ட்ஸும் ரெண்டு ஃபோர் வீல் டிரைவ் வண்டியில போய், இன்னமின்காங்கிற குட்டி ஊருக்குப் பக்கத்துல ஆத்தங்கரையில டென்ட் போட்டுத் தங்கினோம். மணல் வந்தா டயர்ல காத்தைக் குறைக்கணும், மழை பெஞ்சா ரோட்டையே மூடிடுவாங்க, தண்ணியும் டீசலும் கூடுதலா வேணும். இப்படிப் போற எல்லாரும் தவறாம பார்க்கிறது ஒரு பழைய கூலிபா மரம். அதுக்குப் பேரே 'டிக் ட்ரீ', அதாவது 'தோண்டு' மரம்.

1860 ஆகஸ்ட் 20. மெல்போர்ன்ல இருந்து ஒரு பெரிய பயணக் குழு கிளம்புது. தலைவர் ராபர்ட் ஓ'ஹாரா பர்க், ஒரு போலீஸ் அதிகாரி. இந்த மாதிரிப் பயணத்துல முன் அனுபவம் கிடையாது. கூட வந்த சர்வேயர் வில்லியம் வில்ஸ், கிட்டத்தட்ட என் வயசுக்காரர். இந்தியாவுல இருந்து கப்பல்ல வந்த ஒட்டகங்கள், குதிரைகள், வண்டி வண்டியா சாமான். தெற்குல இருந்து வடக்குக் கடற்கரை வரைக்கும் கண்டத்தைக் கடக்கணும்ங்கிறதுதான் திட்டம்.

நவம்பர்ல கூப்பர் க்ரீக் வந்தாங்க. டிசம்பர் 16-ம் தேதி பர்க், வில்ஸ், ஜான் கிங், சார்லஸ் கிரே நாலு பேரும் வடக்கே கிளம்பினாங்க. "மூணு மாசம் காத்திருங்க"ன்னு பிராஹேங்கிறவர் தலைமையில சில பேரைக் கரையில விட்டுட்டுப் போனாங்க. வடக்குக் கடலுக்குப் பக்கத்துல இருக்கிற சதுப்பு நிலம் வரைக்கும் போயிட்டாங்க. ஆனா திரும்புற வழியில கிரே இறந்துட்டார்.

பிராஹே நாலு மாசத்துக்கு மேல காத்திருந்தார். குழுவுல ஆட்கள் நோயில விழ, 1861 ஏப்ரல் 21 காலையில கொஞ்சம் உணவைப் புதைச்சு, மரத்துல 'தோண்டு'ன்னு செதுக்கிட்டுக் கிளம்பிட்டார். அன்னைக்குச் சாயங்காலமே பர்க், வில்ஸ், கிங் மூணு பேரும் வந்து சேர்ந்தாங்க. வித்தியாசம், சுமார் ஒன்பது மணி நேரம்!

இந்தக் கதை வழக்கமா இங்கதான் முடியும். "ஐயோ, விதி!"ன்னு உச் கொட்டுவோம். ஆனா தேதிகளைக் கொஞ்சம் பாருங்க. பர்க்கும் வில்ஸும் இறந்தது ஜூன் கடைசியை ஒட்டி. நடுவுல ரெண்டு மாசம் இருக்கு. அந்த ரெண்டு மாசம் என்ன ஆச்சு?

புதைச்ச உணவை எடுத்துக்கிட்டுத் தென்மேற்கே மவுன்ட் ஹோப்லெஸ் பக்கம் போகப் பார்த்தாங்க. லாண்டாங்கிற ஒட்டகம் சேத்துல சிக்கிப் போச்சு, ராஜாங்கிற இன்னொண்ணும் செத்துப் போச்சு. தண்ணி இல்லாம ஆத்துக்கே திரும்பினாங்க. இதுக்கு நடுவுல மே 8-ம் தேதி பிராஹே மரத்தடிக்கு மறுபடியும் வந்து பார்த்திருக்கார். உள்ள கடிதம் வெச்சிருந்தாங்க, ஆனா மரத்துல புதுசா எதையும் செதுக்கலை. ஸ்டேட்டஸ் அப்டேட் இல்லாததால யாருமே வரலைன்னு நினைச்சுப் போயிட்டார்.

ஆனா அந்த ஆத்தங்கரை ஆள் இல்லாத இடம் இல்லை. அது யாண்ட்ருவாந்தா மக்களோட ஊர். அவங்க இவங்களுக்கு மீனும், நார்டூ மாவுல சுட்ட ரொட்டியும் கொடுத்தாங்க. நார்டூ யார் தெரியுமா? நம்ம வயல் ஓரத்துல நாலு இலையோட வளருமே ஆரைக்கீரை, அதுக்குச் சொந்தக்காரச் செடி. அதோட விதை மாதிரி இருக்கிற காயை அரைச்சா மாவு.

பர்க் அவங்களை நம்பலை. ஒரு தடவை தலைக்கு மேல துப்பாக்கியால சுட்டார். அவங்க விலகிப் போனாங்க. அப்புறம் மூணு பேரும் தாங்களே நார்டூ பொறுக்கி அரைச்சுத் தின்னாங்க. அந்தக் காய்ல வைட்டமின் பி1-ஐ அழிக்கிற தயாமினேஸ் இருக்கு. யாண்ட்ருவாந்தா மக்களுக்குத் தண்ணி சேர்த்து அரைச்சு, சுட்டு, அதைப் பக்குவப்படுத்தத் தெரியும். அந்தப் பக்குவம் இல்லாம தின்னதால பெரிபெரி வந்திருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. வில்ஸோட டைரியைப் படிச்சா, வயிறு நிறையுது, உடம்புல தெம்பு மட்டும் இல்லைங்கிறது புரியும். பொருளைப் பார்த்துக்கிட்டாங்க, செய்முறையைக் கேட்டுக்கலை.

கிங் மட்டும் பிழைச்சார். எப்படி? அந்த மக்களைத் தேடிப் போனார். பறவைகளைச் சுட்டுக் கொடுத்தார், ஒரு பெண்ணோட கையில இருந்த புண்ணுக்கு மருந்து போட்டார். அவங்க அவரைத் தங்களோடவே வெச்சுப் பார்த்துக்கிட்டாங்க. செப்டம்பர் 15-ம் தேதி ஆல்ஃப்ரெட் ஹோவிட்டோட தேடல் குழு வந்தப்போ கிங் உயிரோட இருந்தார்.

மெல்போர்ன்ல சிலை வெச்சது பர்க்குக்கும் வில்ஸுக்கும்தான். அந்த மரத்தைப் பார்க்கப் போறவங்க ஒன்பது மணி நேரத்தைப் பத்திப் பேசாம வர மாட்டாங்க. பேசட்டும், தப்பில்லை. ஆனா அதே கரையில, அதே வருஷம், குழந்தை குட்டியோட சாப்பிட்டுத் தூங்கிக்கிட்டிருந்தவங்களையும் சேர்த்துச் சொன்னாதான் அது முழுக் கதை. நீங்க எந்த ஆத்தங்கரைக்கு டென்ட் தூக்கிட்டுப் போனாலும், இது யாரோட ஊருன்னு முதல்ல கேளுங்க.