கள்ளுக்கடையிலிருந்து திடலுக்கு
(தோட்டத் தமிழர் உடல் வளர்த்த வரலாறு)

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்" என்பது நம் பெரியோர் வாக்கு. உடல் என்னும் சுவர் உறுதியாக இருந்தால்தான் கல்வி என்னும் சித்திரம் அதில் நிலைக்கும். இன்று பரிசளிப்பு விழா மேடையில் படிப்புக்கும் பரிசு தருகிறோம்; ஓட்டத்திற்கும் தாண்டுதலுக்கும் பரிசு தருகிறோம். இது நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால், ஒரு தோட்டத் தொழிலாளியின் பிள்ளை திடலில் இறங்கி ஓடுவதற்கும், அதைப் பார்த்துப் பெற்றோர் கைதட்டுவதற்கும் நம் முன்னோர் பல ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது. அந்த வரலாற்றை நம் மாணவச் செல்வங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

மலை யாருக்காக?

'தானா ராத்தா' என்ற மலாய்ச் சொல்லுக்குச் சமமான நிலம் என்று பொருள். மேடும் பள்ளமுமான இந்த மலையில் கொஞ்சம் சமநிலம் கிடைத்ததே பெரிய காரியம்! 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இப்பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு வந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்ற உயர் அதிகாரி இங்கு வந்து பார்த்த பிறகுதான், இதைக் குளிர்வாச நகரமாக்கும் திட்டம் உருவாயிற்று. சமவெளியின் வெயிலில் வாடிய வெள்ளைக்காரத் துரைமார்கள் இளைப்பாறுவதற்கே அத்திட்டம். 1930களில் அவர்களுக்குக் கோல்ஃப் திடலும் வந்தது.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் சரிவில் செடி நட்டவர்கள், கொழுந்து பறித்தவர்கள், கூடை சுமந்தவர்கள் ஆகியோரில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். ஒரே மலைதான். மேலே இருந்தவர்களுக்கு அது பொழுதுபோக்கும் இடம். கீழே இருந்தவர்களுக்குப் பொழுது விடிந்தால் வேலை செய்யும் இடம். நாள் முழுதும் மேடேறி இறங்கியவனிடம் போய் "உடற்பயிற்சி செய்யப்பா" என்று சொன்னால் சிரிப்பான் அல்லவா? "எங்க ஒடம்பு படுற பாடு போதாதா?" என்று கேட்பான். கேள்வி நியாயமானதே.

ஆனால், உழைப்பு வேறு, விளையாட்டு வேறு. பிறர் ஏவி நாம் செய்வது உழைப்பு. நம் விருப்பத்தால் பத்துப் பேரோடு கூடிச் செய்வது விளையாட்டு. முதலாவது உடலை வாட்டும். இரண்டாவது உடலையும் மனத்தையும் சேர்த்து வளர்க்கும்.

தோட்டத்திற்குள் கள்ளுக்கடை

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் அக்காலத்தில் வேலை முடிந்தபின் தொழிலாளிக்கு எளிதில் கிடைத்த 'பொழுதுபோக்கு' எது தெரியுமா? கள்! அரசாங்க அனுமதியுடனேயே தோட்டங்களில் கள்ளுக்கடைகள் நடந்தன. "ஒடம்பு வலிக்கு ஒரு மங்கு போட்டாத்தான் தூக்கம் வரும்" என்று குடித்தவர் பலர். சம்பளத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. பள்ளிக்கூடம் பிள்ளைகளை ஒரு பக்கம் இழுக்க, கள்ளுக்கடை தகப்பன்மாரை இன்னொரு பக்கம் இழுத்தது.

இந்த நிலையை எதிர்த்து முதலில் பெரிய அளவில் எழுந்தவர்கள் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள். 1941இல் நடந்த அந்த வேலைநிறுத்தத்தில் அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடு என்றார்கள். பிள்ளைகளுக்கு நல்ல கல்வி கொடு என்றார்கள். இன்னொரு கோரிக்கையும் இருந்தது. அன்று துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். அந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து போவதற்குக்கூடப் போராட வேண்டியிருந்தது! போராட்டம் ஒடுக்கப்பட்டது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆனால், நிமிர்ந்த முதுகு மீண்டும் வளையவில்லை.

அணிவகுத்த கால்கள்

1943இல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்தார். இந்திய தேசிய ராணுவம் புத்துயிர் பெற்றது. கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சிராணிப் படை உருவாகி, அவ்வாண்டு அக்டோபரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதில் சேர்ந்தவர்களில் வசதியான வீட்டுப் பெண்களும் உண்டு. தோட்டங்களில் பால்மரம் சீவிய ஏழைப் பெண்களும் உண்டு. பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்த ஜானகி தேவர் இளம் வயதிலேயே அதில் சேர்ந்தவர். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்ட காலத்தில் அப்பெண்கள் அணிவகுத்து நடந்தார்கள், துப்பாக்கிப் பயிற்சி பெற்றார்கள். போரின் முடிவு எப்படியானாலும், லயத்து வீட்டுப் பெண்ணும் செட்டியார் வீட்டுப் பெண்ணும் ஒரே வரிசையில் கால் மாற்றி வைத்தது நம் சமுதாய வரலாற்றில் பெரிய மாற்றம்.

போர் முடிந்தபின் அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. கெடா மாநிலத்தில் ஹார்வர்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு, ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் 'தொண்டர் படை' எழுந்தது. இளைஞர்கள் அணிவகுப்பும் உடற்பயிற்சியும் செய்தார்கள். கள்ளுக்குடியை ஒழிக்கக் கிளம்பினார்கள். 1947இல் பீடோங் கள்ளுக்கடை மறியலில் போலீசாருடன் மோதல் ஏற்பட்டது. படை அடக்கப்பட்டாலும், அது விதைத்த எண்ணம் நிலைத்தது: கள்ளுக்கடை வேண்டாம் என்றால் மட்டும் போதாது, மாலையில் கூடுவதற்கு அதைவிட நல்ல இடம் ஒன்று வேண்டும்.

பந்துக்கு முன் நேரம்

உலக வரலாறும் இதையே கூறுகிறது. இங்கிலாந்தில் 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், துணியாலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியோடு வேலையை முடித்தது. நாளடைவில் சனிக்கிழமை அரைநாள் ஓய்வு மற்றவர்களுக்கும் பரவியது. அந்த அரைநாளில்தான் தொழிலாளர்களின் கால்பந்துக் குழுக்கள் தோன்றின. இன்று உங்களில் பலர் சட்டையில் பெயர் போட்டுக்கொள்ளும் மான்செஸ்டர் யுனைடெட், 1878இல் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய குழு. ஆர்சனல், 1886இல் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய குழு. ஆகவே, விளையாட்டுக்கு முதலில் வேண்டியது பந்து அன்று, ஓய்வு நேரம்.

நம் நாட்டில் 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வாரத்தில் ஒருநாள் ஓய்வை உரிமையாக்கியது. அதற்குமுன் 1952இல் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள், மலாயாவின் ஊர்களுக்கும் தோட்டங்களுக்கும் பரவியிருந்தது. சமயம், சாதி பாராமல் தமிழர் ஒன்றுகூடும் நாளாக அது அமைந்தது. சிலம்பம், சடுகுடு, கோலாட்டம், கும்மி எல்லாம் ஊரிலிருந்து நம்மவர் கூடவே கப்பலேறி வந்தவைதாம். ஓய்வு நாளும் ஒரு திடலும் கிடைத்ததும் அவை மறுபடி தலையெடுத்தன. கூடவே கால்பந்தும் சேர்ந்துகொண்டது.

மலையடிவாரத்து மங்கை

விதைத்தது முளைத்தது. தானா ராத்தாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் இறங்கினால் தாப்பா. அங்கே 1943இல் பிறந்தவர் எம். ராஜாமணி. 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966இல் பாங்காக் ஆசியப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அதே போட்டியில் டாக்டர் மணி ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார். அவ்வாண்டு முதன்முறையாக வழங்கப்பட்ட நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் இவ்விருவருக்குமே கிடைத்தன! 1968இல் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடிப் படைத்த தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. படிப்பா, விளையாட்டா என்று கேட்கும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர் மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர்.

கால்பந்தில் கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தை 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்தது. 1980இல் தென்கொரியாவை 2–1 என வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றபோது கோல்கம்பத்தைக் காத்தவர் அவரே. நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர் அங்கே ஆடவில்லை. 1988இல் கார் விபத்தில் மறைந்தார். அவர் நின்ற இடத்தில் நிற்க ஆசைப்பட்டு இரண்டு கல்லை நட்டுக் கோல் கட்டிய தோட்டத்துப் பையன்கள் எத்தனையோ பேர்!

இன்றைய கடமை

மாணவர்களே! கள்ளுக்கடையைத் தாண்டி வந்துவிட்டோம் என்று இறுமாந்திருக்க முடியாது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு நோய். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் விகிதம் அதிகம். கொழுந்துக் கூடை சுமந்த பாட்டிக்கு இல்லாத நோய், கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் பேரனுக்கு வருகிறது. அன்று உடலுக்கு ஓய்வில்லை. இன்று உடலுக்கு வேலையில்லை.

மருந்து நம் கண்முன்னேதான் இருக்கிறது. தானா ராத்தா நகரில் திடல் இருக்கிறது. பெரும்பானுக்கும் ஜாசாருக்கும் எண் போட்ட காட்டுப்பாதைகள் இருக்கின்றன. ஆனால் தனியாகப் போகாதீர்கள்! 1967இல் தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்ப்சன் இங்கே நடக்கப் போனவர் திரும்பவேயில்லை. நான்கு பேர் சேர்ந்து, பெரியவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பெற்றோரும் வாரத்தில் ஒரு மாலை பிள்ளைகளோடு திடலுக்கு வாருங்கள். ஓட முடியாவிட்டால் நடக்கலாம். "எனக்கு வயசாயிடுச்சு" என்று ஒதுங்க வேண்டாம்.

இன்று கோப்பை வாங்கும் மாணவர்களுக்கு நம் பாராட்டு. கடைசியாக ஓடி வந்தாலும் கோட்டைத் தொட்டுவிட்டு நின்ற மாணவர்களுக்கும் அதே பாராட்டு உரியது. ஏனெனில், நம் முன்னோர் போராடியது கோப்பைக்காக அல்ல. நம் பிள்ளைகளும் அந்தத் திடலில் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காகவே.

உடல் வளர்ப்போம்! ஒற்றுமை வளர்ப்போம்!