ஜார்ஜ் டவுன் மதிப்பீட்டு வரி

பினாங்குத் தீவில் உள்ள வீடு, கடை, தொழிற்சாலை, காலி மனை ஆகியவற்றின் உரிமையாளர்கள் பினாங்கு மாநகர் மன்றத்துக்குச் செலுத்தும் வரி மதிப்பீட்டு வரி எனப்படும். மலாயில் இது சுக்காய் தக்சிரான். பேச்சு வழக்கில் சுக்காய் பிந்து. மாநில நில அலுவலகம் வசூலிக்கும் நிலவரி இதிலிருந்து வேறுபட்டது.

வரலாறு. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் நிறுவிய ஜார்ஜ் டவுனில் வீடுகள் பெருகின. தெருவும் சாக்கடையும் பராமரிப்பாரற்றுக் கிடந்தன. அந்தச் செலவுக்குப் பணம் திரட்ட 1800இல் மதிப்பீட்டாளர் குழு அமைக்கப்பட்டது. மலாயாவின் நகராட்சி முறை பிறந்தது இந்தக் குழுவில்தான். நகரம் அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுகையில் இருந்ததால் வரிச் சட்டமும் இந்தியாவிலிருந்தே வந்தது: கல்கத்தாவில் 1856இல் இயற்றிய சட்டத்தின்படி 1857இல் நகராண்மை ஆணையம் தோன்றியது. வரி செலுத்துவோர்க்கு ஆணையர் சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. 1913இல் அது பறிபோனது. 1951 டிசம்பரில் நகராண்மைத் தேர்தல் மீண்டும் நடந்தது. 1957 ஜனவரி 1இல் ஜார்ஜ் டவுன் மாநகரமானது. 1960களின் நடுவில் தேர்தல் நிறுத்தப்பட்டது. மன்ற உறுப்பினர்கள் இன்று நியமிக்கப்படுகிறார்கள். வரி கட்டுபவருக்கு மன்றத்தில் வாக்கில்லை என்பது பெரும் குறையே.

கணக்கிடும் முறை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் (சட்டம் 171) இன்று நடைமுறையில் உள்ளது. கட்டடத்தை ஓராண்டுக்கு வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு கிடைக்குமோ அதுவே ஆண்டு மதிப்பு. மாதம் 1,000 ரிங்கிட் பெறக்கூடிய வீட்டின் ஆண்டு மதிப்பு 12,000 ரிங்கிட். விகிதம் 10 விழுக்காடானால் வரி 1,200 ரிங்கிட். சட்டம் 35 விழுக்காடு வரை இடம் தருகிறது. பொது வழிபாட்டிடம், மயானம், பொதுப்பள்ளி போன்றவற்றுக்கு மாநில அரசு விலக்களிக்கலாம். மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டிக்கலாம். நீட்டித்தால் உயர்வு பின்னர் ஒரேயடியாக வந்து விழுகிறது.

ஆட்சேபம். மதிப்பீடு தவறு என்று கருதும் உரிமையாளர் மன்றத்திடம் ஆட்சேபிக்கலாம். மதிப்பு மிகுதி, வரிக்கு உட்படாத சொத்து சேர்க்கப்பட்டது, தனித்தனியே மதிப்பிட வேண்டியவை ஒன்றாக மதிப்பிடப்பட்டன என்பன போன்ற காரணங்களைக் காட்டி, மதிப்பீட்டுப் பட்டியலின் மறு ஆய்வுக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். மன்றம் ஆட்சேபித்தவரை அழைத்து விசாரிக்கும். முடிவில் நிறைவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வரி அதிகம் என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை விட, அக்கம்பக்கத்து வாடகை விவரத்தை இணைத்துத் தருவதே பயன்படும்.

இன்றைய நிலை. மன்ற அலுவலகம் கொம்தார் கட்டடத்தில் உள்ளது. வரியை இணையவழியும் செலுத்தலாம். பிப்ரவரி இறுதி, ஆகஸ்ட் இறுதி என இரு தவணைகள். சொத்து கைமாறினால் மூன்று மாதத்துக்குள் மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். அதுவரை பழைய உரிமையாளரே வரிக்குப் பொறுப்பாவார்.