மூலைகளுக்குள் மறைந்த அலைகள்

பிரான்சு நாட்டின் ஒசேர் நகரில் 1768-இல் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர் ஜோசப் ஃபூரியே. பத்து வயதளவிலேயே பெற்றோர் இருவரையும் இழந்த அவருடைய கல்விக் கண்ணைத் திறந்தது பெனடிக்டின் துறவியரின் பள்ளி. 1787-இல் அச்சபையின் மடமொன்றில் நவதுறவியாகவும் சேர்ந்தார். புரட்சி வெடித்த 1789-இல் வார்த்தைப்பாடு கொடுக்காமலே வெளியேறினார்.

1807 டிசம்பரில், வெப்பம் பரவும் விதத்தை ஆராய்ந்த கட்டுரையொன்றைப் பாரீசின் அறிஞர் கழகத்தின்முன் அவர் வைத்தார். எத்தகைய வரைகோடாயினும் அதனைச் சைன், கோசைன் அலைகளின் கூட்டாக எழுதிவிடலாம் என்பது அவர் துணிபு. கணிதமேதை லக்ராஞ்சு இதனை ஏற்க மறுத்தார். மூலையே இல்லாத அலைகளைக் கூட்டினால் மூலை பிறக்குமோ? நியாயமான ஐயந்தான்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை நாம் விளங்கிக்கொள்வோம். கோட்டை மதிலின் உச்சிபோல் ஏறியிறங்கும் சதுர அலையொன்றைத் தாளில் வரைவோம். அரைச் சுற்றுக்கு உயரம் 1. மறு அரைச் சுற்றுக்கு −1. மேல்நோக்கித் தாவும் இடமே தொடக்கம். இப்படத்தை உற்று நோக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். அச்சுக்கு மேலும் கீழும் பரப்பு சமம்; ஆகவே சராசரி சுழி. தொடக்கத்தின் இடப்புறம் வலப்புறத்தின் தலைகீழ்ப் பிம்பம். ஆகவே கோசைன்கள் இல்லை. பிற்பாதி முற்பாதியின் தலைகீழ் நகல். ஆகவே இரட்டைப்படை அலைகளும் இல்லை. எஞ்சிய ஒவ்வோர் அலையாலும் படத்தைப் பெருக்கி, ஒரு சுற்றுக்குச் சராசரி கண்டு, அதனை இரட்டித்தால் அவ்வலையின் வீச்சு கிடைக்கும். முதல் அலைக்கு அது 4/π, ஏறத்தாழ 1.27, மூன்றாம் அலைக்கு அதில் மூன்றிலொன்று, ஐந்தாவதற்கு ஐந்திலொன்று. இவ்வாறு கூட்டக் கூட்ட, அலைகளினின்று மதில் எழுகிறது.

ஆயினும் தாவும் இடத்தருகே, தாவலின் அளவில் சுமார் 9 விழுக்காட்டுக்கு ஒரு சிறு முனை மதிலைத் தாண்டி நிற்கும். அலைகள் பெருகப் பெருக அம்முனை ஒடுங்குமேயன்றித் தாழாது. ஐயுற்றவரின் கேள்வி வெறும் பிடிவாதம் அன்று.

1812-இல் ஃபூரியேவுக்குப் பரிசு வழங்கிய கழகமே, அவர் நிறுவலில் கண்டிப்புப் போதாது எனக் குறை கூறியது. 1813-இல் லக்ராஞ்சு மறைந்தார். 1822-இல்தான் ஃபூரியேயின் நூல் வெளிவந்தது. எந்நிபந்தனைகளில் இத்தொடர் ஒருங்கும் என்பதை 1829-இல் டிரிக்லே நிறுவினார். தாவும் இடத்தில் அத்தொடர் மேல்நிலையையும் தராது, கீழ்நிலையையும் தராது. இரண்டின் நடுவையே தரும். மறு ஆண்டு ஃபூரியே கண்மூடினார்.

துணிந்து சொன்னவரும் தேவைப்பட்டார். சான்று கேட்டவரும் தேவைப்பட்டார். நம் நடுவே கேள்வி எழுப்புவோரைப் பகைவராய் எண்ணுமுன், இந்த 22 ஆண்டுகளை நாம் நினைவுகூர்வது நலம்.