ரூபாய்க்கு எத்தனை படி?

1967-இல் எங்கள் கீழ்பென்னாத்தூர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பிப்ரவரித் தேர்தலில் என் அப்பா இந்தி எதிர்ப்பைவிட அரிசிப் பஞ்சத்தைத்தான் அதிகம் பேசினார். 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்றார் அண்ணா. குண்டடிபட்ட எம்.ஜி.ஆர். கழுத்துக் கட்டோடு சுவரொட்டியில் கும்பிட்டார்.

விடுதலைக்குப் பின் 20 ஆண்டு ஆண்ட காங்கிரஸ் சாய்ந்தது, தி.மு.க.வுக்கு 137 இடங்கள். முதல்வர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றது அப்பாவுக்கு ருசித்தது. ஆனால் விருதுநகரில் மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் காமராஜர்! உதயசூரியனுக்குக் குத்திய மனுஷனே, "அவரையுமாடா?" என்று ரேடியோவைத் திட்டினார்.

மார்ச் 6-இல் அண்ணா பதவியேற்றார். ரூபாய்க்கு ஒரு படி சென்னைக்கும் கோவைக்கும் கிடைத்தது. நெல் விளைவித்த எங்களுக்கு இல்லை.