கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதி: கழிவு அகற்றலும் நன்னீர்ப் பாதுகாப்பும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகம் திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது. இரும்பு உருக்காலைகள், உருட்டாலைகள், ஈய மறுசுழற்சி ஆலைகள், வேதிப்பொருள் ஆலைகள் முதலியன இங்கு இயங்குகின்றன. அபாயகரக் கழிவுகளுக்கென தமிழ்நாட்டில் முதலில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு, அகற்றல் நிலையமும் இங்கேயே உள்ளது.

நீர்நிலைகள்

வட்டாரத்தின் முதன்மை ஆறு ஆரணியாறு. ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக ஓடிப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. ஆரணியாறு, கொசஸ்தலையாறு வடிநிலத்தின் கிணற்று வயல்களிலிருந்து சென்னைக்குப் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீர் எடுக்கப்படுகிறது. அளவுக்கு மீறி எடுத்ததால் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது. 2020 நவம்பரில் திறக்கப்பட்ட 0.5 டி.எம்.சி. கொள்ளளவுள்ள கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் கும்மிடிப்பூண்டி வட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே இங்கு மண்ணில் கலக்கும் கழிவு சுற்றுவட்டக் கிராமங்களின் கிணறு, ஏரிகளோடு பெருநகரின் குடிநீரையும் பற்றிய சிக்கலாகிறது.

மாசு பரவும் விதம்

குழாய் வழியே வெளியேறும் கழிவுநீரைக் கண்டுபிடிப்பது எளிது. திடக்கழிவு அப்படியல்ல. உலைத் தூசி, ஈயக் கசடு, துருநீக்கும் அமிலத் தொட்டியின் அடிச்சேறு போன்றவற்றைத் திறந்தவெளியில் குவித்தால், கோடை முழுதும் அவை வெறும் குப்பைமேடாகவே தெரியும். மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அப்போது குவியலிலுள்ள உலோக உப்புகள் கரைந்து ஓடைக்கும் நிலத்தடிக்கும் இறங்குகின்றன.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு

அமிலக் கழிவுநீரில் சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தன்மையைக் குறைத்தால், கரைந்திருந்த உலோகங்கள் ஹைட்ராக்சைடாகத் திரண்டு அடியில் படியும். தெளிந்த நீரைச் சவ்வு வடிகட்டிகளில் செலுத்தி மறுபடி பயன்படுத்தலாம். மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கினால் உப்பு தங்கும். வெளியே சொட்டு நீரும் விடாத இம்முறைக்கு 'பூஜ்ஜியத் திரவ வெளியேற்றம்' என்று பெயர்.

இதன் தேவையை ஈயத்தின் அளவுகள் காட்டும். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மி.கி. ஈயம் வரை மட்டுமே இந்தியத் தர நிர்ணயம் ஏற்கிறது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கான பொது வரம்போ 0.1 மி.கி.; அதாவது பத்து மடங்கு. விதிக்கு உட்பட்ட கழிவுநீரும் குடிக்கத் தக்கதல்ல.

அபாயகரக் கழிவு மேலாண்மை

சுத்திகரிப்பில் நீரிலிருந்து பிரிந்த நச்சு அழிவதில்லை. சேறாகவும் உப்பாகவும் உருமாறுகிறது. அதைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்தால்தான் நீர் சுத்தமானதாகப் பொருள். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி ஆலைகள் அபாயகரக் கழிவைப் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. லாரியில் ஏற்றும்போது ஏழு வண்ணப் பிரதிகள் கொண்ட சரக்குச் சீட்டு எழுதப்படும். வெள்ளைப் பிரதியை ஆலை மாசு கட்டுப்பாடு வாரியத்துக்கு அனுப்புகிறது. மஞ்சள் ஆலையிடமும் ஆரஞ்சு லாரிக்காரரிடமும் இளஞ்சிவப்பு பெறும் நிலையத்திடமும் இருக்கும். கழிவைப் பெற்றுக்கொண்டபின் நிலையம் பச்சையை வாரியத்துக்கும் நீலத்தை ஆலைக்கும் அனுப்பும். சாம்பல் நிறப் பிரதி வெளிமாநிலக் கழிவுக்கு. நீலப் பிரதி ஆலைக்குத் திரும்பாவிட்டால், சரக்கு போய்ச் சேர்ந்ததா என்று விசாரிக்க வேண்டியிருக்கும்.

நிலையத்தில் கழிவு சோதிக்கப்பட்டு மூன்றாகப் பிரிக்கப்படும்: நேரே புதைப்பது, சிமென்ட் முதலியவற்றால் இறுக்கிப் புதைப்பது, எரிப்பது. புதைகுழியின் அடியில் இறுக்கிய களிமண்ணும் 1.5 மி.மீ. பாலித்தீன் விரிப்பும் இரண்டு அடுக்குகளாக இடப்படும். அவற்றின்மேல் சேரும் கசிவுநீரைக் குழாய்கள் திரட்டும். குழி நிரம்பி மூடியபின்னும் சுற்றிலுமுள்ள கண்காணிப்புக் கிணறுகளின் நீரை 30 ஆண்டுகள் வரை சோதித்து வர வேண்டும். மாநிலத்தின் இரண்டாவது பொது நிலையம் பின்னர் விருதுநகர் மாவட்டத்தில் அமைந்தது.

சட்டப் பின்புலம்

நீர் (மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 1974இல் வந்தது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியம் 1982இல் அமைந்தது. குறிப்பிட்ட நீர்நிலைகளிலிருந்து 1 கி.மீ.க்குள் பெரிதும் மாசுபடுத்தும் ஆலைகள் புதிதாக அமைவதை 1989ஆம் ஆண்டு மாநில அரசாணை 213 தடுத்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை, வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

மாசடைந்த நிலத்தை மீட்டல்

மண்ணிலும் நிலத்தடி நீரிலும் ஏற்கெனவே இறங்கிய நச்சை நீக்குவது கடினமானது, செலவு மிக்கது. மாசு மண்ணைத் தோண்டிப் பாதுகாப்பான குழிக்கு மாற்றுதல், நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரித்தல், அறுவலு குரோமியத்தை இரும்பு உப்பால் தீங்கு குறைந்த மூவலு வடிவத்துக்கு மாற்றுதல் ஆகியவை வழக்கிலுள்ள முறைகள். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு, காலம் தாழ்த்துவதன் விலையைக் காட்டும் சான்று.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களின் மேலாண்மை விதிகளை அறிவித்தது. அதன்படி ஐயத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும். வாரியம் ஆய்ந்து உறுதிசெய்ய வேண்டும். மீட்புச் செலவை மாசுபடுத்தியவர் ஏற்க வேண்டும். ஆலை மூடிப்போய், உரியவரைக் கண்டறிய முடியாத இடங்களில் அச்சுமை அரசின்மேல் விழும்.