சானடோரியம் வேண்டாம், வீடே போதும்: காசநோய் சரித்திரத்தில் ஒரு சென்னை அத்தியாயம்



சென்னையில் மின்சார ரயிலில் போனவர்களுக்கு "தாம்பரம் சானடோரியம்" என்ற ஸ்டேஷன் தெரிந்திருக்கும். சானடோரியம் என்றால் என்ன, அது ஏன் ஒரு ஸ்டேஷன் பெயரானது என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. மதுரைக்காரர்களுக்கு அதே மாதிரி இன்னொரு பெயர் உண்டு. தோப்பூர் ஆஸ்டின்பட்டி. "அவரை ஆஸ்டின்பட்டிக்குக் கொண்டு போயிட்டாங்க" என்று வாடிப்பட்டி, சமயநல்லூர் பக்கம் யாராவது குரலைத் தாழ்த்திச் சொன்னால், என்ன நோய் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காசநோய். டி.பி.

இந்த நோய்க்கு எங்கே, எப்படி வைத்தியம் பார்க்க வேண்டும் என்று உலகம் முழுக்க இருந்த நம்பிக்கையை மாற்றிய ஓர் ஆராய்ச்சி நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. ஆனால் பாடப் புத்தகத்தில் ராபர்ட் கோக் வருகிறார், சென்னை வருவதில்லை. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

மருந்து இல்லாத காலம்

நம் ஊரில் இதற்குப் பழைய பெயர்கள் சயரோகம், எலும்புருக்கி நோய். ஆளையே உருக்கிவிடும் என்பதால் வந்த பெயர். இதற்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று ராபர்ட் கோக் அறிவித்தது 1882 மார்ச் 24 அன்று. அதனால்தான் இன்றும் மார்ச் 24 உலக காசநோய் தினம்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் மருந்து? அதற்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் டாக்டர்கள் சொன்னது மூன்றே விஷயம்: நல்ல காற்று, முழு ஓய்வு, நல்ல சாப்பாடு. இந்த மூன்றையும் ஒரே இடத்தில் தருவதற்காகக் கட்டப்பட்டவைதான் சானடோரியங்கள். ஐரோப்பாவில் மலைகளில் கட்டினார்கள். பணக்காரர்கள் அங்கே போனார்கள். நேருவின் மனைவி கமலா நேரு ஐரோப்பா வரை சென்று சிகிச்சை பெற்றும் 1936ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இறந்தார்.

நம் பக்கம் 1915ல் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் சானடோரியம் வந்தது. 1928ல் டாக்டர் சவுரி முத்து என்பவர் தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். ஸ்டேஷன் பெயரின் கதை அதுதான். அப்போது தாம்பரம் ஊருக்கு வெளியே காடும் குன்றுமாக இருந்த இடம். வாடிப்பட்டியிலிருந்து ஒருவர் அங்கே போக வேண்டும் என்றால் நானூறு கிலோமீட்டருக்கு மேல் ரயில் பயணம். போனால் மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில் படுக்கை. கூலி வேலைக்குப் போகிற மனுஷனுக்கு இது நடக்கிற காரியமா?

1948: ஒரு மரணமும் ஒரு கட்டுரையும்

சிறுகதை மேதை புதுமைப்பித்தன் காசநோயால் இறந்தது 1948 ஜூன் 30 அன்று, திருவனந்தபுரத்தில். வயது 42. சரியாக நான்கு மாதம் கழித்து, அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று, பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஸ்ட்ரெப்டோமைசின் பற்றிய ஆய்வு முடிவு வெளியானது.

அமெரிக்காவில் 1943ல் ஷாட்ஸ், வாக்ஸ்மன் ஆகியோர் கண்டுபிடித்த மருந்து அது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 107 நோயாளிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்துச் சோதித்தது. யார் எந்தக் குழு என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை, குலுக்கல் மாதிரியான ஒரு முறை முடிவு செய்தது. ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். வெறும் படுக்கை ஓய்வு பெற்ற 52 பேரில் 14 பேர்.

ஆனால் ஒரு சிக்கலும் தெரிய வந்தது. ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகி எதிர்த்து நிற்க ஆரம்பித்துவிடுகிறது. அதனால் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமியை இன்னொன்று கொன்றுவிடும். முதலில் பாஸ் என்ற மருந்து துணைக்கு வந்தது. 1952ல் ஐசோநயசிட் வந்தது. இது மாத்திரை, விலையும் மலிவு. கதை இங்கேதான் சென்னைக்குத் திரும்புகிறது.

சேத்துப்பட்டில் ஒரு கேள்வி

1955 முதல் 1958 வரை இந்தியாவில் ஒரு பெரிய காசநோய்க் கணக்கெடுப்பு நடந்தது. அதுவரை இது நகரத்து நோய், ஆலைத் தொழிலாளிகளின் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கெடுப்பு சொன்னது வேறு. கிராமத்திலும் கிட்டத்தட்ட நகரத்தில் இருக்கும் அளவுக்கே இருக்கிறது! அப்படியானால் நோயாளிகள் பல லட்சம். எல்லோருக்கும் படுக்கை என்று ஆரம்பித்தால் எந்தக் காலத்தில் கட்டி முடிப்பது?

எனவே கேள்வி இப்படி ஆனது: மருந்து இருக்கும்போது சானடோரியம் தேவையா? நோயாளி வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் குணமாகாதா?

இதற்குப் பதில் தேடத்தான் 1956ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. தலைமை தாங்கியவர் வாலஸ் ஃபாக்ஸ். ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் பயன்பட்ட அதே குலுக்கல் முறையை இங்கேயும் கொண்டுவந்தார்கள்.

சென்னையின் ஏழை மக்களில், சளியில் கிருமி இருந்த 193 நோயாளிகள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, ஒரு பாதி வீட்டுக்கு. இரு தரப்புக்கும் ஒரே மருந்துதான்: ஐசோநயசிட், பாஸ், ஓராண்டு முழுக்க. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல காற்றோட்டம், ஓய்வு, நர்ஸ் கவனிப்பு, பால் முட்டையோடு சத்தான சாப்பாடு. வீட்டில் இருந்தவர்களுக்கு? நெருக்கடியான குடிசை, அரை வயிற்றுச் சாப்பாடு. உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலைக்கும் போனார்கள்.

வீட்டில் இருப்பவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாரா என்று எப்படித் தெரியும்? மையத்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உடம்புக்குள் போயிருக்கிறதா என்று பார்த்தார்கள்.

1959ல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் சளியில் கிருமி இல்லாமல் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். இந்தச் சிறிய வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. அதாவது காற்றும் ஓய்வும் சத்துணவும் இல்லாமலே, மாத்திரை மட்டும் ஒழுங்காகப் போனால், குடிசையிலும் நோய் குணமாகிறது. குடும்பத்தை விட்டு இருக்க முடியாமல் சானடோரியத்திலிருந்து சிலர் பாதியிலேயே கிளம்பிப் போனதும் நடந்தது.

தனித் தட்டு, தனி டம்ளர்

எல்லோருக்கும் இருந்த பெரிய பயம் வேறு. நோயாளியை வீட்டிலேயே வைத்தால் பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தொற்றாதா?

ஐந்து ஆண்டுகள் இரு தரப்புக் குடும்பங்களையும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி சானடோரியத்துக்குப் போன வீடுகளைவிட, நோயாளி வீட்டிலேயே இருந்த வீடுகளில் காசநோய் அதிகம் வரவில்லை! காரணத்தை யோசித்தால் புரியும். கண்டுபிடிப்பதற்கு முன்னால் மாதக் கணக்கில் இருமிக்கொண்டிருந்தாரே, தொற்று நடந்தது பெரும்பாலும் அப்போதுதான். சரியான மருந்து ஆரம்பித்தால் பரப்பும் தன்மை வேகமாகக் குறைந்துவிடுகிறது. அதனால் பயப்பட வேண்டியது மருந்து சாப்பிடும் நோயாளியைப் பார்த்து அல்ல, இன்னும் சோதனைக்கே போகாத இருமலைப் பார்த்துத்தான்.

இது நிரூபணமாகி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் நம் ஊர்ப்பக்கம் டி.பி. என்று தெரிந்தால் தட்டும் டம்ளரும் தனியாகிவிடுகின்றன. காசநோய் தட்டில் பரவுவதில்லை, இருமும்போது காற்றில் பரவுகிறது. பெண் என்றால் கல்யாணம் நின்றுவிடும் என்று மறைத்து, அந்த மறைப்பிலேயே சிகிச்சை தள்ளிப்போகிறது. ஆராய்ச்சி ஜெயித்தது, ஆனால் அதன் செய்தி இன்னும் எல்லா வீட்டுத் திண்ணைக்கும் வந்து சேரவில்லை.

சென்னையிலிருந்து உலகத்துக்கு

இந்த முடிவுக்குப் பிறகு உலகமெங்கும் சானடோரியங்கள் மெல்ல மெல்ல மூடப்பட்டன, அல்லது வேறு மருத்துவமனைகளாக மாறின. 1962ல் வந்த தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது.

சென்னை ஆய்வு இன்னொன்றையும் கவனித்தது. உடம்பு தேறியதும் ஆட்கள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். எனவே வாரம் இரண்டு முறை மட்டும், ஊழியர் கண் முன்னாலேயே மருந்து கொடுத்தால் என்ன என்று அதே மையம் சோதித்து 1964ல் நல்ல முடிவை வெளியிட்டது. 1990களில் உலகம் முழுக்கப் பரவிய "டாட்ஸ்" முறையின் விதைகளில் இதுவும் ஒன்று. பிறகு ரிஃபாம்பிசின் வந்ததும் சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்தது. அந்தக் குறுகிய கால ஆய்வுகளில் சென்னையோடு மதுரை நோயாளிகளும் பங்கெடுத்தார்கள். 2011ல் சேத்துப்பட்டு மையம் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறியது. மதுரையிலும் அதற்கு ஒரு பிரிவு உண்டு.

எல்லா ஆய்வும் நல்ல செய்தி தரவில்லை. 1968ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கானவர்களுக்கு பி.சி.ஜி. ஊசி போட்டுப் பார்த்த மாபெரும் ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளை மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பதால் அது இன்றும் போடப்படுகிறது. ஆனால் ஊசி ஒன்றே நோயை ஒழித்துவிடும் என்ற கனவு அத்தோடு கலைந்தது.

கண்டுபிடிப்பதிலும் ஒரு பாடம் உண்டு. 1963ல் கர்நாடகத்தின் தும்கூர் பக்கம் பானர்ஜி, ஆண்டர்சன் இருவரும் செய்த ஆய்வு. கிராமத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை என்றுதான் எல்லோரும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால், அறிகுறி இருந்தவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறார்கள்! அங்கே சளியைச் சோதிக்காமல் ஒரு பாட்டில் இருமல் மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லையா?

சென்னை ஆய்வைப் படிக்கிற எல்லோருக்கும் வரும் கேள்வி இது. 1961ல் அதே மையம் உணவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே வெளியிட்டது: மருந்து சரியாக இருந்தால், குணமாவதற்குச் சத்துணவு அவசியமான நிபந்தனை இல்லை.

இந்த வாக்கியத்தை அவசரமாகப் படித்தால் தவறான பாடம் கிடைக்கும். ஆய்வு கேட்ட கேள்வி "மருந்து சாப்பிடுபவர் குணமாவாரா" என்பது மட்டும்தான். "யாருக்கு நோய் வருகிறது", "சிகிச்சையின் முதல் வாரங்களில் யார் இறக்கிறார்கள்" என்பவை வேறு கேள்விகள். அவற்றுக்குப் பதில் சமீபத்தில்தான் தெளிவாக வந்தது.

2022ல் தமிழ்நாடு "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" தொடங்கியது. நோய் கண்டுபிடித்ததும் எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மிக மெலிந்து பலவீனமானவர்களை மட்டும் உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பது. ஆக, எல்லோருக்கும் படுக்கை வேண்டாம் என்று 1959ல் சொன்ன அதே ஊர், யாருக்குக் கட்டாயம் படுக்கை வேண்டும் என்பதையும் பிரித்துச் சொல்லிவிட்டது.

2023ல் ஜார்க்கண்டில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. நோயாளியின் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை என்று ஆறு மாதம் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது. தடுப்பூசிக்காக உலகம் காத்துக்கொண்டிருக்கும்போது, அரிசியும் பருப்பும் செய்த வேலை இது! இன்னொரு பக்கம், சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு அதிகம். பசியும் கூட்டாளி, சர்க்கரையும் கூட்டாளி.

முடிவாக

2023ல் மட்டும் இந்தியாவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் காசநோயால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உலகின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். மருந்து இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கிறது, ஆறு மாதத்தில் பெரும்பாலோருக்குக் குணமாகிறது. அப்படியும் இத்தனை மரணம் என்றால் நாம் தோற்பது மருந்தில் இல்லை. இருமலைக் கண்டுகொள்ளாமல் விடுவதிலும், நோயை மறைக்க வைப்பதிலும், வெறும் வயிற்றிலும்தான்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை. அதற்கு இன்று வாடிப்பட்டிக்காரர் தாம்பரத்துக்கு ரயில் ஏற வேண்டியதில்லை, பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போனால் போதும். அவர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு வீட்டார் செய்ய வேண்டியது இரண்டு: ஆறு மாதமும் மாத்திரையை விடாமல் பார்த்துக்கொள்வது, தானும் சாப்பிட்டு அவருக்கும் வயிறாரப் போடுவது. டம்ளரைத் தனியாக எடுத்து வைப்பது அந்தப் பட்டியலில் இல்லை.