நீரில் முகம் தெரியும் வேளை

வில்லியம் கொபெற் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர் 1821ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். அதன் பெயரைக் 'குடிசைப் பொருளாதாரம்' எனத் தமிழிற் கூறலாம். உழைத்துண்ணும் ஏழைக் குடும்பத்தினருக்கு ரொட்டி சுடவும், பசு வளர்க்கவும், பன்றியைக் கொழுக்க வைக்கவும் கற்பிக்க எழுந்தது அந்நூல். ஆயினும் இவை யாவற்றுக்கும் முன்னதாக அது எடுத்துக்கொண்ட பொருள், வீட்டிலே தானியத்திலிருந்து பியர் காய்ச்சும் முறையேயாகும்.

கொபெற் 1763இல் சறே மாவட்டத்துப் பார்னம் என்னும் ஊரிற் பிறந்தவர். பியருக்குக் கசப்பும் மணமும் ஊட்டும் ஹொப்ஸ் கொடிக்குப் பெயர்போன ஊர் அது. அவருடைய இளமைக் காலத்தில், வீடு என்று ஒன்று இருந்தால் அங்கே பியர் காய்ச்சுவது அடுப்பு எரிவதைப் போன்ற இயல்பான செயல். அதை எவரும் நூலிற் படித்துக் கற்கவில்லை; தாய் செய்ய மகள் பார்த்திருந்தாள். நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், அதே நாட்டு மக்களுக்கு அதே வேலையை அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

காரணம் சோம்பலன்று. பார்லியை முளைக்கச் செய்து உலர்த்திப் பெறும் மால்ற் மீது 1697இலிருந்தே வரி இருந்தது. நெப்போலியனுடன் நடந்த போர்க் காலத்தில் அவ்வரி கடுமையாக உயர்ந்தது. ஊர்ப் பொதுநிலங்கள் வேலியிட்டு அடைக்கப்பட்டமையால் ஏழைக்கு விறகும் அரிதாயிற்று. பெரிய கொப்பரையைக் கொதிக்க வைக்க வகையற்ற வீட்டிலே, சிறிய கெண்டியில் நீரைச் சுடவைத்துத் தேநீர் குடிக்கும் வழக்கம் புகுந்தது.

அத்தேநீரைக் கொபெற் வெறுத்த வெறுப்பு, தேயிலைத் தோட்டங்களின் நடுவே வாழும் இலங்கையருக்குச் சிரிப்பை விளைவிக்கும். அது உடலுக்கு வலுத் தராது, பொழுதைத் தின்னும், அடிக்கடி நெருப்பு மூட்ட வைக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். மெலிந்த பன்றிக்கு மால்ற்றைக் கொடுத்தாற் கொழுக்கும். தேயிலையைக் கொடுத்தாற் பசியால் மடியும் என்றும் வாதித்தார். வாதம் வலிமையானதுதான், ஆனால் நியாயமானது என்று சொல்வதற்கில்லை. அவர் ஏசியது சீனத் தேயிலையை. ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலை பயிரிட்டது 1867இல். கொபெற் இறந்து அப்போது முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

முதன்முறை பியர் காய்ச்ச முனைபவர் தடுமாறும் இடம் ஒன்றே. மால்ற்றை வெந்நீரில் ஊறவைக்கும்போது அந்நீரின் சூடு எவ்வளவாயிருத்தல் வேண்டும்? மைக்கேல் கொம்புறூண் என்பவர் 1762இல் வெளியிட்ட நூலிலேயே வெப்பமானியின் பயனை வற்புறுத்தியிருந்தார். பெரிய தொழிற்சாலைகள் அதனைக் கைக்கொண்டன. குடிசையில் வெப்பமானி ஏது? கொபெற் 170 பாகை பரனைற்று என்று கூறி, கருவி இல்லாதவருக்குப் பழைய விதியொன்றையும் தந்தார். கொதிநீரைத் தொட்டியில் ஊற்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆவி மெலிந்து, நீரிலே தம் முகம் தெளிவாகத் தெரியும்போது மால்ற்றைக் கொட்டலாம். அதற்கு முன் கொட்டலாகாது.

அவ்விதியில் அறிவும் உண்டு, குறையும் உண்டு. குளிர்ந்த நாளில் ஆவி அடர்ந்து தோன்றுமாதலால், முகம் தெரியுமுன்னரே நீர் வேண்டிய சூட்டை இழந்துவிடக் கூடும். அனுபவமுள்ள கிழவி அதற்கேற்பச் சற்று முந்திக்கொள்வாள்; புதியவள் ஏமாறுவாள். ஓராண்டு வரியும் விறகுமாகச் செலவழித்து வாங்கிய மால்ற் ஒருநாட் காலையிற் கூழாய்ப் போவது ஏழை வீட்டில் சிறிய இழப்பன்று.

சூட்டின் இரகசியம் 1833இல் வெளிப்பட்டது. பிரான்சிய இரசாயனவியலாளரான பாயன், பெர்சோ என்னும் இருவர் முளைத்த பார்லியிலிருந்து டயஸ்ரேஸ் என்ற நொதியத்தைப் பிரித்தெடுத்தனர். தானியத்தின் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுவது அதுவே. நீர் மிகச் சுட்டால் நொதியம் அழியும். ஆறிப்போனால் மாப்பொருள் இளகாது. பெரும்பாணாற்றுப்படையிலும் அரிசிக் களியை அகன்ற வாயுடைய கலத்தில் ஆறவைத்த பின்னரே முளையை இடித்துக் கலக்கின்றனர். பிறகு இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளைய விடுகின்றனர். ஆறவைத்தல் என்ற அந்த ஒரு சொல்லில் பார்னத்துக் கிழவியின் அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது.

கொபெற்றின் நூல் விற்பனையானது. வீடுகளோ பழைய வழக்கத்துக்குத் திரும்பவில்லை. விற்பனைக்குக் காய்ச்சுவோர் செலுத்திய பியர் வரி 1830இல் நீக்கப்பட்டது. அவ்வரி வீட்டில் காய்ச்சுவோருக்கு என்றுமே இருந்ததில்லை. அவர்களுக்கிருந்த ஒரே அனுகூலமும் அத்துடன் போயிற்று. 1880இல் கிளாட்ஸ்ரன் மால்ற் வரியை ஒழித்தார். கொபெற் உயிரோடிருந்தால் மகிழ்ந்திருப்பார், ஆனால் அரைநாள் மட்டுமே. அதே சட்டம் வீட்டில் காய்ச்சுவோரும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்று விதித்தது. நிதியமைச்சர் மோட்லிங் 1963இல் அந்தப் பத்திரத்தை நீக்கும்வரை, தன் வீட்டுக்கென ஒரு சாடி பியர் காய்ச்சுபவரும் அரசின் ஏட்டிற் பதிவு பெறவேண்டியிருந்தது.

அதன்பின் பலர் தகரத்தில் அடைத்த மால்ற் பாகை வாங்கி நீரிற் கரைத்தனர். சூட்டைப் பற்றிய கவலை அவர்களுக்கு இல்லை. முழுத் தானியத்திலிருந்து தொடங்க விரும்புபவரே மீண்டும் தொட்டியருகே நிற்கிறார். ஊறும் கலவை சதம அளவையில் 66 பாகையளவில் நிற்கவேண்டும். குளிர்ந்த தானியம் நீரின் சூட்டை ஈர்த்துக்கொள்ளுமாதலால், நீர் ஏறத்தாழ 73 பாகையில் இருக்கவேண்டும். முதல்நாளில் அந்த ஏழு பாகையை மறந்து, கலவை ஆறிப்போகக் கண்டு, கொதிநீர்க் கெண்டியைத் தேடி ஓடாதவர் குறைவு. ஒரு மணி நேரத்தின் பின் சாற்றை வடித்து, சக்கையின்மேல் மீண்டும் வெந்நீர் தெளித்து, வடிந்ததை ஹொப்ஸுடன் கொதிக்க வைத்து, ஆறியபின் மதுவத்தை இட்டுவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. மிஞ்சிய சக்கையைத் தின்னப் பன்றிதான் இப்போது கொல்லையில் இல்லை.